இருபத்திரண்டாம் வாரம்

அத்தியாயம் ஒன்பது

ஒரு மூக்கின் விலை: பன்னிரண்டடி அகலம், நாற்பதடி நீளம், வெறும் மண்.

இது சந்தை நிலவரம் அல்ல. ஒரு தம்பி தன் அக்காவுக்குப் போட்ட விலை. உடன்பிறந்தவர்களுக்குள் பேரம் கூடாது என்பார்கள். பேரம் பேசாத இடத்தில்தான் பெரிய மோசடி நடக்கும் என்பது கடைத்தெருவில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

இருபத்தொரு வருஷம் அந்த டிரை கிளீனிங் கடையின் கறை மேஜையில் நின்றவள் மூத்தவள். தண்ணீர் படாமல் துணி வெளுக்கும் சால்வென்ட் என்ற திரவத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு மையை எடுத்தாள், ரத்தத்தை எடுத்தாள், கணவன்மார் காலரில் யாருடையது என்று தெரியாத உதட்டுச் சாயத்தை எடுத்துப் பல குடும்பங்களைக் காப்பாற்றினாள். கறைகளோடு அவள் மூக்கும் போயிற்று. முதலில் பூ வாசனை போனது. பிறகு காப்பி. கடைசியில், அடுப்பில் பால் கருகினால்கூடக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றாயிற்று.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரே ஒரு மடிப்பை மட்டும் பிரித்துக் காட்டிவிடலாம். அப்பா இறந்த வருஷக் கடைசியில் ஒரு பத்திரம் வெளியே வந்தது. கடையும் மெஷினும் தம்பிக்கு. கடைக்குப் பின்னால் கிடந்த மண் பட்டை அக்காவுக்கு. அன்றோடு அவளைக் கடையை விட்டு அனுப்பினார்கள். மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷம் அந்த மண்ணைத் தங்கம் மாதிரி நினைத்திருந்தாள். போன மாதம் அதை வாங்க வந்தவர், பின்கதவைத் திறந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மெஷினில் மிஞ்சும் கசடை லாரிக்காரனிடம் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க வேண்டும். தம்பி கொடுக்கவில்லை. மூன்று வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை அதை அக்காவின் மண்ணில் ஊற்றியிருக்கிறான். "உங்க அக்கா வந்து பார்த்தா?" என்று கேட்ட இஸ்திரிக்காரரிடம் அவன் சொன்ன பதிலை, அவர் வேலையை விட்டுப் போகும்போது மூத்தவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

"வந்தா வரட்டும். அவளுக்குத்தான் மூக்கே இல்லையே."

அந்த ஒரு வரியைத்தான் மூத்தவள் ஒரு மாதமாக வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள், பல்வலிக்குக் கிராம்பை அடக்குகிற மாதிரி.

இன்று அந்த மண்ணில் துளை போடப் போகிறார்கள்.

காலை ஏழு மணிக்குச் சலவைக்கூடத்து வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். தெருவில் அவனுக்கு மடிப்பு என்று பேர். மழையில் நனைந்தாலும் கால்சட்டையின் மடிப்பு கலையாது. உட்கார்ந்தால் கலைந்துவிடும் என்பதற்காகவே நின்றுகொண்டே சாப்பிடுகிறவன்.

"அக்கா, சாப்பிட்டியா?" என்றான்.

மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி. இதற்கு வட்டி எவ்வளவு கேட்பான் என்று மூத்தவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

அவன் சுற்றி வளைத்துத்தான் வந்தான். லைசென்ஸ் ஆபீசில் வழக்கமான சோதனை என்று துளை போட வருகிறார்களாம். ஊரில் இத்தனை கடை இருக்க இவன் கடைதான் கண்ணில் பட்டதாம். கெட்ட நேரமாம். மூத்தவள் கேட்டுக்கொண்டே மருத்துவமனைப் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டது யார் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதவனிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

பிறகு விஷயத்துக்கு வந்தான். விஷயம் அந்த நிதி.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு கடையும் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டும். வாங்குகிற ஒவ்வொரு லிட்டர் சால்வென்ட்டுக்கும் ஒரு தீர்வை கட்டும். எல்லாம் ஒரே பானையில் சேரும். எந்தக் கடையின் மண்ணாவது கெட்டால் பானையிலிருந்து எடுத்துத் தோண்டி, கெட்டதை அள்ளி, நல்ல மண் போட்டுத் தருவார்கள். கடையின் லைசென்ஸ்காரர் முதல் பங்கு என்று ஒரு தொகை கட்டினால் போதும். ஆனால் பானைக்கு இரண்டு மூடி. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய ஆள் கடையிலிருந்து மேற்பார்வை பார்த்திருக்க வேண்டும். எத்தனை லிட்டர் செலவு, எத்தனை கிலோ கசடு, எந்த லாரி என்று வாரா வாரம் பதிவேட்டில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று பொய்யானாலும் மண்ணைக் கெடுத்தவர்தான் முழுச் செலவும் கட்ட வேண்டும். கெடுத்தவர் யார் என்று தெளியாவிட்டால், மண் யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில்.

அந்த முழுச் செலவை மூத்தவள் விசாரித்து வைத்திருந்தாள். அவள் சம்பளத்தில் கட்டினால், இன்னும் இரண்டு பிறவி போர்வை துவைக்க வேண்டும்.

தேர்வில் மடிப்பு இரண்டு முறை தோற்றவன். ஜெயித்தவள் மூத்தவள். லைசென்ஸில் இருப்பது அவள் படம். அவளைத் துரத்தியபோது அதையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள். அவன் தன்னிடமிருந்த கலர் ஜெராக்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும், அவனைப் போலவே.

"ஆபீஸ்ல விசாரிச்சேன்கா. லைசென்ஸ் உயிரோட இருக்குங்கறாங்க. வருஷா வருஷம் நீ கட்டியிருக்கே. கடைக்காக நீ கட்டியிருக்கேன்னு தெரிஞ்சதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"கலங்கும்" என்றாள் மூத்தவள்.

"ஆய்வாளர் முன்னாடி ஒரு வார்த்தை. வாரா வாரம் நான்தான் வந்து பார்த்துக்கிட்டேன்னு. நிதி வந்துடும். உன் மண்ணும் சுத்தமாயிடும், என் கடையும் பொழைச்சுக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, துணி வாங்க வந்தவருக்குக் கடைசி விலை சொல்கிற குரலில் சொன்னான்: "உன் மேஜை அப்படியேதான் இருக்கு. நாளைக்கே வந்து நில்லு. சம்பளம் இல்ல, பங்கு."

அங்கேதான் அவள் எண்ணிக்கை தவறியது. இருபத்தேழாவது போர்வையை இரண்டு முறை எண்ணினாள். மூன்று வருஷமாக ஒரே வெள்ளை, ஒரே அளவு, ஒரே மருந்து. ஒரு பட்டில் விழுந்த மைத்துளியைப் பார்த்து, இதை ஓரத்திலிருந்து எடுப்பதா நடுவிலிருந்து எடுப்பதா என்று யோசிக்கிற அந்த அரை நிமிஷம் அவள் வாழ்க்கையில் இல்லை. அந்த அரை நிமிஷத்துக்காகப் பங்கு இல்லாமலே போவாள். கழுதை, எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

"பதிவேடெல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

"மூணு வருஷமும் பக்காவா இருக்கு."

"கையெழுத்து?"

மடிப்பு சிரித்தான். "உன் கையெழுத்து நீ போட்டதைவிட அழகா இருக்குக்கா."

"படிச்சுப் பார்த்தியா?"

"கூட்டுத்தொகை சரியா இருக்கு. அது போதாதா?"

இதுதான் அவன். சின்ன வயசிலிருந்தே பில்லின் அடியை மட்டும் பார்ப்பான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டான். தேர்வில் தோற்றதும் அப்படித்தான். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது என்று ஆபீசில் சொன்னதும் திரும்பி வந்துவிட்டான். புதுப்பிக்கிற படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

"அப்ப பதிவேட்டை நீயே ஆய்வாளர் கையில குடு. நான் எதிர்ல நிக்கறேன்" என்றாள் மூத்தவள்.

நிற்கிறேன் என்றாள். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த வியாபாரி நஷ்டப்பட மாட்டான். மடிப்பு சந்தோஷமாகப் போனான்.

பதினோரு மணிக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது மேஜைதான். அப்படியேதான் இருந்தது. மேலே வளைந்த ஹேங்கர்கள் மலையாகக் கிடந்தன. ஓரத்தில் பழைய செருப்பு ஒன்று.

தம்பி மனைவி இஸ்திரிப் பலகையில் நின்றாள். இஸ்திரிக்காரர் போனதிலிருந்து அந்த வேலையும் அவள் தலையில்தான். குனிந்த தலை நிமிரவில்லை. "வாங்கக்கா" என்ற சொல் மட்டும் சட்டைக் காலருக்குள்ளிருந்து வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், பட்டன் தைப்பதிலிருந்து பதிவேட்டில் கட்டம் போடுவது வரை அவளுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தவள் மூத்தவள். வெளியே அனுப்பப்பட்ட நாளில் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கணக்கும் மூத்தவளிடம் இருந்தது.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதையும் பாராட்டாத, எதற்கும் கோபப்படாத முகம். கூடவே துளை போடுகிறவர், அவருடைய நீண்ட இரும்புக் குழாய், வாயு அளக்கும் கைக்கருவி.

கடைக்குப் பின்னால், முதல் அடியிலேயே மண் கறுப்பாக வந்தது. ஆய்வாளர் முகமூடியை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். துளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடிப்பு, நாலாக மடித்த கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தபடி இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

மூத்தவள் துளையின் ஓரத்திலேயே நின்றாள். குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது மண். வேறு ஒன்றுமில்லை. கருவியில் ஓடுகிற எண்களை மட்டும் பார்த்தாள். வாசனை தெரியாதவளுக்கும் எண் தெரியும்.

"தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"எப்படி நாறுது?"

அவன் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"சொல்லு. எனக்குத்தான் மூக்கே இல்லையே. உனக்கு இருக்கே. கிட்ட வந்து, நல்லா இழுத்துப் பார்த்துட்டுச் சொல்லு."

மடிப்பின் கண்கள் கைக்குட்டைக்கு மேலே ஒருமுறை இஸ்திரிப் பலகைப் பக்கம் போய்த் திரும்பின. யார் சொல்லியிருப்பார்கள் என்று தேடுகிற கண்கள். ஆனால் அவனுக்கு யோசிக்க நேரமில்லை. ஆய்வாளர் பதிவேடுகளைக் கேட்டார். அவன் தயாராக வைத்திருந்த மூன்று புத்தகங்களையும் இரண்டு கையாலும் கொடுத்தான். எல்லாம் முறைப்படி இருக்கிறது, வாரம் தவறாமல் அக்காதான் வந்து பார்த்து எழுதினாள், குடும்பத் தொழில் பாருங்கள் என்று அவனே சொன்னான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே புரட்டினார். முதல் புத்தகத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அதே இடத்தில் விரல். மூன்றாவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அப்பா எத்தனை தடவைங்க இறந்தார்?"

முதல் புத்தகத்தை மறுபடி திறந்து அவரே வாசித்தார்.

"முதல் வருஷம், இருபத்திரண்டாவது வாரம். செலவு பூஜ்ஜியம் லிட்டர். மூடல்: அப்பா இறந்தார். அடுத்த வருஷமும் இருபத்திரண்டாவது வாரம், பூஜ்ஜியம் லிட்டர், அதே காரணம்." மூன்றாவது புத்தகத்தைத் தட்டினார். "இங்கயும்."

மூத்தவள் துளையை விட்டுப் பதிவேட்டைப் பார்த்தாள். கையெழுத்து கள்ளமாக இருக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் அவள் எழுதியது. அப்பா போன வாரம், கடை மூடிக் கிடந்தபோது, நாலு நாள் கழித்து வந்து, விளக்குகூடப் போடாமல் கறை மேஜையில் உட்கார்ந்து, பதிவேட்டில் ஓர் இடம் காலியாகக் கிடக்கக் கூடாதே என்று எழுதிய இரண்டு சொல். அவள் அழுதது அப்போதுதான். அவளுடைய அந்தக் கடைசிப் பதிவேட்டைத்தான் முன்னால் வைத்து, தம்பி "இதைப் பார்த்து அப்படியே எழுது" என்று சொல்லியிருக்கிறான். அப்படியே எழுதியிருக்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர், கிலோவுக்குக் கிலோ, சாவுக்குச் சாவு. பெற்றவரை வருஷத்துக்கு ஒருமுறை கொன்று, கீழே கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான்.

மேஜை, பங்கு, நாளைக்கே வந்து நில்லு எல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போயின. அவற்றுக்குத் தேதி போட யாரும் தேவைப்படவில்லை.

அவள் பையைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கான புதுப்பிப்புப் படிவங்கள், ஆபீஸ் முத்திரையோடு. ஆய்வாளரிடம் நீட்டினாள். "நாலாவது கட்டம் பாருங்க மேடம். வேலை செய்யும் இடம்."

ஆய்வாளர் வாசித்தார். மூன்றிலும் ஒரே பதில்: தற்போது எந்தக் கடையிலும் இல்லை.

சலவைக்கூடத்துச் சம்பளத்தில் அவள் அந்தக் கட்டணத்தைக் கட்டியபோது, கடையே இல்லாதவளுக்கு லைசென்ஸ் எதற்கு, தாலாட்டப் பிள்ளை இல்லாமல் தொட்டில் வாங்குகிற கதையா என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் பதில் சொன்னதில்லை. தொட்டிலில் என்ன படுத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்படின்னா இந்தக் கடை மூணு வருஷமா லைசென்ஸ் இல்லாம ஓடியிருக்கு" என்றார் ஆய்வாளர், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. பிறகு மடிப்பைப் பார்த்து, "இது வழக்கமான சோதனைன்னு நெனச்சீங்களா? மண்ணோட சொந்தக்காரங்க குடுத்த மனுவுல வந்திருக்கோம்" என்றார்.

மடிப்பு அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மாதமாகக் காத்திருந்த முகம் அது. ஒரு சுருக்கத்தைக்கூட விடாமல் பார்த்தாள்.

"இந்தப் பதிவேட்டை எழுதினது யார்?"

நீரில் முழுகுகிறவன் பக்கத்தில் இருப்பவர் தலையைப் பிடித்து ஏறுவான். மடிப்பு கைக்குட்டையை எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னான்: "என் பொண்டாட்டி. எல்லாம் அவ எழுத்துதான். எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

திறந்த பின்கதவு வழியாக உள்ளே எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஆய்வாளரும் துளைக்காரரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளித்துக் கடைப் பக்கம் திரும்பினார்கள். எதற்கு என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் புகையைப் பார்த்தாள். தம்பி மனைவியின் கை இஸ்திரிப்பெட்டி மேல் இருந்தது. பெட்டி யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் இருந்தது. கை அசையவில்லை.

மூத்தவள் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். சட்டையில் படகு வடிவில் பழுப்பு. இதை எந்த மேஜையிலும் எடுக்க முடியாது.

துளை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றடிவரை கருவி கத்தியது. ஐந்தடியில் அமைதி. ஒன்பதாவது அடியில் மறுபடி எண்கள் ஏறின.

"மேல இருக்கறது ஊத்தினது" என்றார் துளைக்காரர். "கீழ இருக்கறது பழசு. வருஷக்கணக்கா கசிஞ்சு எறங்கியிருக்கு."

"பழசுன்னா அக்கா காலம்" என்றான் மடிப்பு. அவன் குரலில் உயிர் வந்திருந்தது. "அப்ப இவதானே இங்க எல்லாம். கேளுங்க மேடம்."

"என் காலம்தான்" என்றாள் மூத்தவள். "பின்பக்கக் குழாய் மூட்டு கசிஞ்சுது. அப்பா ரப்பர் சுத்திக் கட்டினார். மாத்துங்கன்னு நாலு தடவை சொன்னேன். மாத்தலை. ஆனா நாலு தடவையும் பதிவேட்டுல எழுதியிருக்கேன், தேதியோட. கட்டணம் ஒரு வருஷம்கூட நின்னதில்லை."

ஆய்வாளர் தலையசைத்தார். அந்தக் காலத்துக்கு லைசென்ஸும் உண்மை, பதிவேடும் உண்மை. கீழ் மண்ணுக்கு நிதி வரும். முதல் பங்கு மட்டும் லைசென்ஸ்காரர் கட்ட வேண்டும். தொகையைச் சொன்னார். மூத்தவளின் பதினோரு மாதச் சம்பளம். அவள் கண்ணிமைக்காமல் தலையாட்டினாள். பழிவாங்குவதற்கும் கூலி உண்டு. இலவசமாகக் கிடைத்தால் அதில் ஏதோ கலப்படம்.

மேல் மண் முழுவதும் மடிப்பின் செலவு. அபராதம் தனி. மெஷினின் கதவில் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார்கள். வாடிக்கையாளர் துணிகளைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் அவகாசம். சுவரிலிருந்த ஜெராக்ஸை ஆய்வாளரே சட்டத்தோடு கழற்றினார். பின்னால் சுவர் வெள்ளையாக, சதுரமாக இருந்தது.

மடிப்பு பின்வாசல் படியில், அந்தக் கறுப்பு மண்ணுக்குப் பக்கத்தில், மெல்ல உட்கார்ந்தான். முழங்காலில் மடிப்பு கலைந்தது. மூத்தவள் அதை நிதானமாகப் பார்த்தாள். ஒரு மாதமாக இதற்குத்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். பொருள் கைக்கு வந்ததும் எடை பார்க்காமல் போவாளா?

"அக்கா, நாளைக்கு நான் எங்க போவேன்?" என்றான் அவன்.

"சலவைக்கூடத்துல ஆள் எடுக்கறாங்க" என்றாள். "போர்வை எண்ணத் தெரியணும். கூட்டுத்தொகை மட்டும் தெரிஞ்சா போதும்."

வேலை ஒன்று பாக்கியிருந்தது. மூன்று பதிவேடுகளையும் ஆய்வாளர் எடுத்துப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் மூத்தவள் தன் கையால் "இது என் கையெழுத்து அல்ல" என்று எழுதித் தேதி போட்டுத் தர வேண்டும். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு பக்கம், மூன்று வருஷம்.

"எதையும் விட்டுடாதீங்க" என்றார் ஆய்வாளர். "ஒரு பக்கம் விட்டாலும் அந்த வாரம் நீங்க இங்க இருந்ததா அவங்க வக்கீல் பிடிச்சுக்குவார். அப்புறம் மேல் மண்ணுலயும் உங்களுக்குப் பங்கு வந்துடும். எழுதினவங்க என்ன எழுதறோம்னு தெரிஞ்சே எழுதியிருந்தா, அவங்க மேல போலி கையெழுத்து வழக்கு போகும். அது தனி."

மூத்தவள் கறை மேஜைக்குப் போனாள். ஹேங்கர்களை வாரித் தரையில் தள்ளினாள். செருப்பை எடுத்து வெளியே எறிந்தாள். தன் மேஜையில், மூன்று வருஷத்துக்குப் பிறகு, உட்கார்ந்தாள்.

முதல் புத்தகம் தேனாக ஓடியது. இது என் கையெழுத்து அல்ல. ஒவ்வொரு வரியும் ஒரு சனிக்கிழமைக்கு ஒரு அடி. இரண்டாவதில் கை வலித்தது, வலி இனித்தது. இருபத்திரண்டாவது வாரம் வந்தபோது, அப்பா இறந்தார் என்ற சொற்களுக்குக் கீழே அவள் அழுத்தி எழுதியதில் தாள் பள்ளமானது. வெளியே ஆய்வாளர் மண் பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி கருகிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள்.

மூன்றாவது புத்தகம். மறுபடி இருபத்திரண்டாவது வாரம்.

பேனா தாளில் படுமுன் நின்றது.

ஆய்வாளர் முதல் இரண்டையும் உரக்கப் படித்தார். இதை "இங்கயும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதைக் கடைசிவரை யாரும் படிக்கவில்லை. இதில் எழுதியிருந்தது: பூஜ்ஜியம் லிட்டர். மூடல்: மாமா இறந்தார்.

மூத்தவள் அதைத் திரும்பப் படித்தாள்.

பார்த்து எழுதுகிறவளுக்கு அப்பா என்று எழுத யோசனை தேவையில்லை. இரண்டு வருஷம் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். மூன்றாவது வருஷம் தன் மாமனாரை மாமா என்று மாற்றி எழுதியவள், கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதியிருக்கிறாள். என்ன எழுதுகிறோம், எதன் மேல் எழுதுகிறோம், யார் பேரில் எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியிருக்கிறாள். அவள் புருஷன் படிக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? பிறகு யார் படிப்பதற்காக?

மூத்தவள் நிமிர்ந்தாள். தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"பேனாவுல மை தீர்ந்துடுச்சாக்கா?" என்றாள் அவள், மெதுவாக.

மூத்தவள் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். மீதியை எழுதினாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு, முப்பது, ஐம்பத்திரண்டு. கை நிற்கவில்லை, பழி என்பது இறக்கத்தில் விட்ட வண்டி. ஆனால் வண்டிக்குக் கீழே யார் கால் இருக்கிறது என்று இப்போது தெரிந்திருந்தது. ஐம்பத்திரண்டாவதை முடித்துவிட்டு இருபத்திரண்டுக்குத் திரும்பி வந்தாள். அதே பக்கம். அதே மாமா.

ஆய்வாளர் கையுறையைக் கழற்றியபடி உள்ளே வந்தார். "எல்லாம் ஆச்சுங்களா?"

"ஒண்ணு பாக்கி மேடம்."

"எழுதிடுங்களேன்."

"ஒரு ராத்திரி குடுங்க."

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்திருந்தவனை. பிறகு இஸ்திரிப் பலகைப் பக்கம். புத்தகங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்குள் ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், பத்து அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் அந்தப் பக்கம் உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூத்தவள் பேனாவை மூடினாள். மேஜையின் மேல் விரலால் கணக்குப் போட்டாள்; கறை மேஜையில் விரலால் எழுதினால் தடம் இருக்காது.

மொத்தம் நூற்று ஐம்பத்தாறு பக்கம். எழுதியது நூற்று ஐம்பத்தைந்து. பாக்கி ஒன்று.